ஈசினோபீலியா: ஒரு பெயருக்குள் மறையும் பல நோய்கள்

நம் இல்லங்களில் ‘ஈசினோபீலியா’ என்னும் சொல்லை அறியாதவர் மிகச் சிலரே. பனிக்காலத்தில் இருமல் நீண்டால் ஈசினோபீலியா. இரவில் மூச்சு இரைத்தால் ஈசினோபீலியா. காலையில் எழுந்ததும் பத்துத் தும்மல் போட்டாலும் அதே பெயர்தான். ஆய்வகச் சீட்டில் அந்த எண்ணிக்கை சற்றுக் கூடியிருந்தால், “எனக்கு ஈசினோபீலியா இருக்கிறது” என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டே வாழ்வோர் பலர். உண்மையில் அது ஒரு நோயின் பெயரன்று. காய்ச்சல் என்பது எப்படி ஓர் அறிகுறியோ, அப்படியே ஈசினோபீலியாவும் ஓர் அறிகுறி. அதன் பின்னே குடற்புழுவும் இருக்கலாம், ஒவ்வாமையும் இருக்கலாம், மிக அரிதாக உயிருக்கே ஊறு செய்யும் இரத்தநாள அழற்சியும் இருக்கலாம். அந்த அரிய நோயை எவ்வாறு இனங்காண்பது, எவ்வாறு சிகிச்சை பெறுவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒரு மாதிரிச் சித்திரம்

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். சித்தூரில் மாங்கூழ் ஆலைகளுக்குக் கிளிமூக்கு மாங்காய் வாங்கித் தரும் வணிகர், வயது நாற்பத்தாறு. இளமையில் அவருக்கு ஆஸ்துமா இருந்ததில்லை. நாற்பதைத் தொட்டபின் தொடங்கிய இளைப்பு, மாங்காய்ப் பருவத்தின் புழுதியால் வந்தது என்று அவரே முடிவு செய்துகொண்டார். மூக்கடைப்பு ஓயாதிருந்தது. மூக்கினுள் சதை வளர்ந்திருந்ததை அறுவை செய்து எடுத்தார்கள். அது மீண்டும் வளர்ந்தது. இரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் மிகுந்திருந்தது. அவர் கவலை கொள்ளவில்லை. இளைப்பு மிகும்போதெல்லாம் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சிறு வெள்ளை மாத்திரைகள் நான்கு நாளில் குணம் தந்தன.

ஓராண்டு, வேண்டுதலின் பொருட்டு அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்து ஏறுகிறார். மூச்சு வாங்கும் என்பது அவர் எதிர்பார்த்ததே. எதிர்பாராதது, வலக்காலின் விரல்கள் படியில் இடறிக்கொண்டே வந்ததுதான். மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் அல்லவா, களைப்பு என்று நினைக்கிறார். ஊர் திரும்பிய பின்னும் அந்தக் கால் தேறவில்லை. செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரியாமல் பத்தடி நடந்துவிடுகிறார். இரண்டு வாரங்களில் வலக்கையின் விரல்களும் மரத்துப்போகின்றன. நோட்டு எண்ணும் கை தடுமாறுகிறது. ஒருநாள் அவர் எழுதிக்கொடுத்த காசோலை, கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திரும்பி வருகிறது.

அந்தக் காசோலை திரும்பியபோது வங்கிக் கணக்கில் குறையேதும் இல்லை. குறை அவருடைய நரம்புகளுக்கு இரத்தம் கொண்டு செல்லும் நுண்ணிய நாளங்களில் இருந்தது. இவர் கற்பனை மனிதர்தான். ஆயினும் இளைப்பு, மூக்குச் சதை, ஈசினோபில் பெருக்கம், பின்னர் மரத்துப்போகும் கால் என்னும் இவ்வரிசை, மருத்துவ நூல்கள் விவரிக்கும் ஒரு நோயின் வரிசையே.

மதனப்பள்ளி தந்த பாடம்

அந்த நோய்க்குச் செல்லுமுன், இந்த மண்ணுக்கே உரிய ஒரு வரலாற்றை நினைவுகூர்வது பொருத்தம். வடஆர்க்காட்டின் பகுதிகளையும் சேர்த்து 1911-இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் அப்போது மதனப்பள்ளியும் அடங்கியிருந்தது. அவ்வூரின் அருகே ஆரோக்கியவரம் என்னுமிடத்தில் கிறித்தவ மிஷன்கள் பல ஒன்றுகூடிக் காசநோய் மருத்துவமனை ஒன்றை நிறுவின. டென்மார்க்கிலிருந்து வந்த மருத்துவர் கிறிஸ்டியன் ஃப்ரிமட்-மோலர் அதன் தலைமையேற்றார். தென்னிந்தியாவின் பல பகுதிகளிலிருந்து காசநோயாளர் அங்கு வந்து தங்கிச் சிகிச்சை பெற்றனர்.

அவ்வாறு வந்தவர்களுள் சிலர் வேறுபட்டிருந்தனர். இருமலும் இளைப்பும் மெலிவும் இருந்தன. மார்பு எக்ஸ்ரே படத்தில் காசநோயைப் போன்றே சிறுசிறு புள்ளிகள் பரவிக் கிடந்தன. ஆனால் சளியில் காசநோய்க் கிருமி காணப்படவில்லை. இரத்தத்திலோ ஈசினோபில் அணுக்கள் பெருகியிருந்தன. ஃப்ரிமட்-மோலரும் அவருடன் பணியாற்றிய பார்ட்டன் என்பவரும் 1940-ஆம் ஆண்டு இந்தியன் மெடிக்கல் கெஜட் இதழில், காசநோயைப் போலத் தோன்றும் இந்நிலையை ஈசினோபில் பெருக்கத்துடன் தொடர்புபடுத்தி விவரித்தனர். மூன்றாண்டு கழித்து, 1943-இல், வெயின்கார்ட்டன் என்னும் மருத்துவர் லான்செட் இதழில் இதற்கு ‘வெப்பமண்டல ஈசினோபீலியா’ என்று பெயரிட்டார்.

அதன் காரணம் பின்னரே தெளிவாயிற்று. யானைக்கால் நோயைத் தரும் ஃபைலேரியா புழுவின் நுண்குஞ்சுகளை எதிர்த்து உடல் அளவுமீறிப் போரிடுவதே இந்நோய். யானைக்கால் நோய்க்குத் தரும் டைஎதில்கார்பமசின் என்னும் மாத்திரையே இதற்கும் மருந்து. மூன்று வாரம் உட்கொள்வது வழக்கம். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் தனராஜ் 1950-களில் இச்சிகிச்சையை ஆராய்ந்து நிறுவியவர்களுள் ஒருவர்.

இந்த வரலாறு நமக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. முதலாவது, எக்ஸ்ரே படத்தில் நிழல் கண்டவுடன் காசநோய் என்று முடிவு கட்டலாகாது. இரண்டாவது, ஈசினோபில் என்னும் எளிய எண்ணிக்கையைக் கூர்ந்து நோக்கிய மருத்துவர்கள், அதுவரை மறைந்திருந்த ஒரு நோயை வெளிக்கொணர்ந்தனர். அதே கூர்மை இன்றும் தேவைப்படுகிறது. நம் நாட்டில் ஈசினோபில் மிகுதிக்குப் புழுக்களும் சாதாரண ஒவ்வாமையுமே பெரும்பாலும் காரணம் என்பதால், அரிய காரணம் ஒன்று அந்தக் கூட்டத்தில் எளிதில் மறைந்துவிடுகிறது.

நியூயார்க்கில் கண்ட பதின்மூன்று பேர்

ஈசினோபில் என்பது இரத்த வெள்ளணுக்களுள் ஒருவகை. இயோசின் என்னும் இளஞ்சிவப்புச் சாயத்தை விரும்பி ஏற்பதால் இதற்கு அப்பெயர். ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் 1879-இல் இதனை விவரித்தார். புழு போன்ற பெரிய எதிரிகளைத் தாக்கி அழிப்பது இதன் பணிகளுள் ஒன்று. அதற்கான நச்சுப் பொருள்களைத் தன்னுள்ளே சிறு மணிகளாகச் சுமந்து திரிகிறது. எதிரி இல்லாதபோதும் இவை பெருகித் திசுக்களுக்குள் நுழைந்து அந்த மணிகளைக் கொட்டினால், காயமடைவது நம் உடலே.

நியூயார்க் நகரின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் நோய்க்கூறியல் அறிஞர்களாக இருந்த ஜேக்கப் சர்க், லோட்டே ஸ்ட்ராஸ் ஆகிய இருவரும் 1951-இல் பதின்மூன்று நோயாளரைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டனர். அவர்களுக்குக் கடும் ஆஸ்துமா இருந்தது. காய்ச்சலும் ஈசினோபில் பெருக்கமும் இருந்தன. உடலின் பல உறுப்புகளில் இரத்தநாளங்கள் அழற்சியுற்றிருந்தன. நாளச் சுவரிலும் அதனருகிலும் ஈசினோபில் அணுக்கள் குவிந்து, சிறு கட்டிகள் போன்ற கரணைகள் உருவாகியிருந்தன. அதுவரை வேறு நாள அழற்சிகளோடு சேர்த்து எண்ணப்பட்ட இதனை அவ்விருவரும் தனி நோயாகப் பிரித்துக் காட்டினர். நெடுங்காலம் ‘சர்க்–ஸ்ட்ராஸ் நோய்’ என்றே வழங்கிய இது, 2012-ஆம் ஆண்டு முதல் ‘இயோசினோஃபிலிக் கிரானுலோமட்டோசிஸ் வித் பாலியாஞ்ஜைட்டிஸ்’ என்னும் நீண்ட பெயரால் குறிக்கப்படுகிறது. மருத்துவர்கள் சுருக்கமாக இ.ஜி.பி.ஏ. என்பர். பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ பத்து முதல் பதினைந்து பேருக்கு மட்டுமே காணப்படும் நோய் இது. தொற்றுவதில்லை, தாய் தந்தையரிடமிருந்து நேராக வழிவழி வருவதும் இல்லை.

மூன்று படிகளில் வரும் நோய்

இந்நோய் பெரும்பாலும் மூன்று படிகளாக வளர்கிறது. படிகள் எல்லோருக்கும் இதே ஒழுங்கில் அமையும் என்பதில்லை; ஆயினும் இவ்வரிசையை அறிந்திருப்பது பயன் தரும்.

முதற்படி ஒவ்வாமை. ஓயாத மூக்கொழுக்கு, சைனஸ் தொல்லை, மூக்கினுள் சதை வளர்தல், நடுவயதில் புதிதாகத் தோன்றும் ஆஸ்துமா. இந்நோயாளருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆஸ்துமா உண்டு; அது தோன்றிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே ஏனைய தொல்லைகள் தலைகாட்டுகின்றன.

இரண்டாம் படி ஈசினோபில் பெருக்கம். இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 500 வரை இருப்பது இயல்பு. இந்நோயிலோ 1,500-ஐத் தாண்டுவது வழக்கம். மொத்த வெள்ளணுக்களில் பத்து விழுக்காட்டுக்கும் மிகும். நுரையீரலில் நிழல்கள் தோன்றி, ஓரிடத்தில் மறைந்து மற்றோரிடத்தில் வெளிப்படும். சிலருக்கு வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் வரும்.

மூன்றாம் படி நாள அழற்சி. இதுவே ஆபத்தான கட்டம். காய்ச்சலும் எடைக்குறைவும் கூடும். பெரும்பாலும் முதலில் அடிபடுவது நரம்பு. நரம்பிற்கும் உணவூட்ட நுண்ணிய இரத்தநாளங்கள் உண்டு. அவை அழற்சியால் அடைபட்டால் நரம்பு பட்டினியால் வாடும். அதனால்தான் ஒரு பாதம் திடீரெனத் தொங்கும், சில நாளில் மறுபுறத்து மணிக்கட்டு விழும். சர்க்கரை நோயில் இரு பாதங்களும் ஒரேபோல மெல்ல மெல்ல மரக்கும். இங்கோ ஒரு கால், பிறகு ஒரு கை என்று ஒழுங்கின்றித் தாவும். இவ்வேறுபாடு மிக முக்கியமானது. தோலில், குறிப்பாகக் கால்களில், அழுத்தினாலும் மறையாத செந்நீலப் புள்ளிகள் தடித்துத் தோன்றலாம். சிறுநீரகமும் குடலும் பாதிக்கப்படலாம். எல்லாவற்றினும் கொடியது இதயப் பாதிப்பு. இந்நோயால் நேரும் மரணங்களுக்கு இதயமே முதன்மைக் காரணம். அது அமைதியாகவே தொடங்கும் என்பதால், நெஞ்சுவலி இல்லை என்று ஆறுதல் கொள்ள இடமில்லை.

இனங்காணும் வழி

இந்நோயை உறுதிப்படுத்த ஒற்றைப் பரிசோதனை எதுவும் இல்லை. பல சான்றுகளைச் சேர்த்து எடைபோட்டே மருத்துவர் முடிவுக்கு வருகிறார். முதற்சான்று மிக மலிவானது: வெள்ளணுக்களின் வகைவாரி எண்ணிக்கையுடன் கூடிய சாதாரண இரத்தப் பரிசோதனை. அடுத்து மார்பு எக்ஸ்ரே அல்லது சி.டி. படம், சைனஸ் படம், சிறுநீர்ப் பரிசோதனை, இ.சி.ஜி., எக்கோ, நரம்புக் கடத்தல் சோதனை ஆகியன. ‘ஆங்கா’ எனப்படும் எதிர்ப்பொருள் சோதனையும் செய்வர். இந்நோயாளருள் மூவரில் ஒருவர் அல்லது சற்று மிகுதியானோருக்கே அது நேர்மறையாக வரும். ஆகவே ‘ஆங்கா’ இல்லை என்பதால் நோயும் இல்லை என்று கொள்ளலாகாது. இயலும்போது தோல் அல்லது நரம்பிலிருந்து சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள்.

அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் 2022-இல் வெளியிட்ட வகைப்பாட்டில், சிறிய அல்லது நடுத்தர நாளங்களில் அழற்சி இருப்பது தெரிந்த நோயாளருக்கு மதிப்பெண்கள் இடப்படுகின்றன. ஈசினோபில் 1,000 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஐந்து. ஆஸ்துமா போன்ற மூச்சுக்குழல் அடைப்பிற்கு மூன்று. மூக்குச் சதைக்கு மூன்று. இவை ஆராய்ச்சிக்கான அளவுகோல்களேயன்றி, வீட்டில் அமர்ந்து நாமே நோயைத் தீர்மானிப்பதற்கல்ல. ஆனால் இளைப்பு, மூக்குச் சதை, ஈசினோபில் என்னும் மூன்றும் ஒருவரிடம் கூடியிருக்கும்போது அவற்றைத் தனித்தனித் தொல்லைகளாகக் கருதக்கூடாது என்பதை இம்மதிப்பெண்களே உணர்த்துகின்றன. நடைமுறையில் நுரையீரலுக்கு ஒருவர், மூக்கிற்கு ஒருவர், காலுக்கு ஒருவர் என மூன்று மருத்துவர்களிடம் செல்கிறோம். மூன்று சீட்டுகளும் ஒரே மேசையில் வைக்கப்படுவதே இல்லை. அவற்றை ஒரே கோப்பில் தேதி வரிசையாக அடுக்கிக் கொண்டுபோவது நோயாளியும் குடும்பத்தாரும் செய்யக்கூடிய பேருதவி.

இங்கே மற்றொரு தடையையும் சொல்லியாக வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் அந்தச் சிறு வெள்ளை மாத்திரை பெரும்பாலும் ஸ்டீராய்டு. அது ஈசினோபில் அணுக்களை ஓரிரு நாளிலேயே குறைத்துவிடும். அதை உட்கொண்டபின் எடுக்கும் பரிசோதனையில் எண்ணிக்கை இயல்பாகவே தெரியும். நோயோ அடியில் தொடரும். ஆகவே பரிசோதனைக்கு முன் என்னென்ன மாத்திரை, ஊசி எடுத்துக்கொண்டோம் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சிகிச்சைக்கு முன் ஓர் எச்சரிக்கை

இந்நோய்க்கு முதன்மை மருந்தும் ஸ்டீராய்டே. ஆனால் தகுந்த அளவில், தகுந்த காலத்திற்கு, மருத்துவரின் கண்காணிப்பில் தரப்படுவது அது. அதனைத் தொடங்குமுன் நம் நாட்டு மருத்துவர்கள் இரண்டு பகைவரைத் தேடிப் பார்ப்பர். ஒன்று காசநோய். மற்றொன்று ஸ்ட்ராஞ்சிலாய்டஸ் என்னும் புழு. வெறுங்காலோடு மண்ணில் நடப்போரின் பாதத் தோலைத் துளைத்து உள்ளே சென்று, பல்லாண்டு ஓசையின்றிக் குடலில் வாழும் இப்புழுவும் ஈசினோபில் அணுக்களைப் பெருக்கும். அது உள்ளிருக்கும்போது மிகுந்த அளவில் ஸ்டீராய்டு கொடுத்தால், புழு கட்டுமீறிப் பெருகி உடலெங்கும் பரவி உயிரைப் பறிக்கக்கூடும். ஐவர்மெக்டின் என்னும் மாத்திரை இப்புழுவை அழிக்கும். வயலிலும் தோப்பிலும் வெறுங்காலோடு உழைப்போர் மிகுந்த நம் பகுதியில் இம்முன்னெச்சரிக்கை இன்றியமையாதது.

ஃபைலேரியாவால் வரும் வெப்பமண்டல ஈசினோபீலியாவிலும் எண்ணிக்கை 3,000-ஐக் கடக்கும்; இரவில் இருமலும் இளைப்பும் மிகும். ஆனால் அதில் கால் தொங்குவதில்லை. உரிய மாத்திரையைத் தொடங்கிய சில நாட்களிலேயே நோயாளர் பலருக்குத் தெளிவான நிவாரணம் கிடைக்கும். அம்மருந்தை முறையாக உட்கொண்டும் குணமில்லை எனில், முதலிலிருந்து மீண்டும் யோசிக்க வேண்டும் என்பதற்கு அதுவே அடையாளம்.

சிகிச்சை முறைகள்

சிகிச்சை நோயின் கடுமையைப் பொறுத்தது. இதயம், குடல், சிறுநீரகம், மூளை ஆகியன பாதிக்கப்பட்டுள்ளனவா என்பதே முதற்கேள்வி. அவை தப்பியிருந்தால் ஸ்டீராய்டு மாத்திரைகளோடு தொடங்கி, மாதக்கணக்கில் மெல்லக் குறைப்பர். முக்கிய உறுப்புகள் பாதிக்கப்பட்டிருந்தாலோ, நரம்பு கடுமையாகத் தாக்கப்பட்டிருந்தாலோ, மிகுந்த அளவு ஸ்டீராய்டை நரம்பூசியாக மூன்று நாள் வரை செலுத்துவதும், சைக்ளோஃபாஸ்ஃபமைடு அல்லது ரிட்டுக்சிமேப் சேர்ப்பதும் உண்டு. நோய் அடங்கியபின் அசதயோப்ரின், மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளால் அதனை அடக்கியே வைப்பர்.

அண்மைக்காலத்தில் ஈசினோபில் அணுக்களையே குறிவைக்கும் ஊசிகள் வந்துள்ளன. அவ்வணுக்களை வளர்க்கும் இன்டர்லூக்கின்-5 என்னும் செய்திப் பொருளைத் தடுக்கும் மெப்போலிசுமேப், 136 நோயாளரிடம் நடந்த ஆய்வில் பயன் காட்டியது. 2017-இல் அமெரிக்காவில் இந்நோய்க்கென்றே ஒப்புதல் பெற்ற முதல் மருந்து அதுவே. நான்கு வாரங்களுக்கு ஒருமுறை தோலுக்கடியில் செலுத்தப்படும். பென்ரலிசுமேப் என்னும் மற்றொன்று 2024-இல் அங்கே ஒப்புதல் பெற்றது. இவை ஸ்டீராய்டின் அளவைக் குறைக்க உதவுகின்றன. ஆயினும் விலை மிகுந்தவை, எல்லோருக்கும் தேவைப்படுவனவும் அல்ல. நோயாளருள் பெரும்பாலோர்க்கு இன்றும் முதற்கட்டத்தில் உயிர்காப்பது மலிவான ஸ்டீராய்டு மாத்திரையே.

ஸ்டீராய்டு வருவதற்கு முன் இந்நோய் கண்டோருள் ஐந்தாண்டு வாழ்ந்தவர் சிலரே. இன்று முறையான சிகிச்சை பெறுவோருள் பெரும்பான்மையோர் பல்லாண்டு வாழ்கின்றனர். ஆனால் காலம் தாழ்த்துவதற்குரிய விலையை நரம்பு வாங்கிக்கொள்ளும். சேதமுற்ற நரம்பு மீண்டும் வளர்வது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். முழங்காலிலிருந்து பாதம் வரையுள்ள முந்நூறு மில்லிமீட்டரைக் கடக்க அதற்குப் பத்து மாதங்களாகும். சிலருக்கு முழுமையாக வளர்வதும் இல்லை. முதல் வாரத்தில் மருத்துவரைக் கண்டவருக்கும் மூன்றாம் மாதத்தில் கண்டவருக்கும் உள்ள வேறுபாடு, நடையில் வாழ்நாள் முழுதும் தெரியக்கூடும்.

சிகிச்சை பெறுவோர் சிலவற்றை உறுதியாகக் கடைப்பிடிக்க வேண்டும். ஸ்டீராய்டைத் தாமாகத் திடீரென நிறுத்தலாகாது. சர்க்கரை, இரத்த அழுத்தம், எலும்பு வலிமை, கண் ஆகியவற்றை அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். காய்ச்சல் கண்டால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகளைத் தவிர்க்க வேண்டும். ஆஸ்துமாவுக்கான இன்ஹேலரை இந்நோய் அடங்கிய பின்னும் விட்டுவிடக்கூடாது.

எங்கே செல்வது?

இவ்வகையில் சித்தூர், திருப்பதி மக்கள் பேறு பெற்றவர்களே. திருப்பதியில் வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ரூயா அரசு மருத்துவமனை உள்ளது. நரம்பியல், இதயவியல், சிறுநீரகவியல் துறைகளைக் கொண்ட ஸ்விம்ஸ் மருத்துவ அறிவியல் நிறுவனமும் உள்ளது. சித்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி உள்ளது. வாதநோய்க்கும் நோயெதிர்ப்பியலுக்கும் அங்கே தனித்துறை உண்டு. எங்கு சென்றாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “ஐயா, என் ஈசினோபில் ஏன் மிகுந்திருக்கிறது?”

செலவும் கணக்கும்

நீண்ட காலச் சிகிச்சை நீண்ட காலச் செலவையும் கொண்டுவரும். மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது, “வெறும் இளைப்புதானே” என்று ஆஸ்துமாவை மறைத்தல் ஆகாது. பின்னாளில் கோரிக்கை மறுக்கப்பட அதுவே காரணமாகிவிடும். முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலம் மூன்றாண்டுகளுக்கு மேல் இருக்கலாகாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் விதித்துள்ளது. ஆகவே உடல்நலம் நன்றாக இருக்கும்போதே பாலிசி எடுத்து, இடைவிடாது புதுப்பித்து வருவது அறிவுடைமை. ஆந்திரத்தில் 2007-இல் ஆரோக்கியஸ்ரீயாகத் தொடங்கிய மாநிலத் திட்டமும், ஆண்டுக்குக் குடும்பத்திற்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அளிக்கும் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் தகுதியுடையோர்க்குக் கைகொடுக்கும். எழுபது வயது நிறைந்தோர் வருமான வரம்பின்றி ஆயுஷ்மான் திட்டத்தில் சேரலாம். வேலூர் வேறு மாநிலம் என்பதால், தாம் செல்லவிருக்கும் மருத்துவமனையும் உரிய சிகிச்சையும் திட்டத்தில் அடங்குமா என்பதைப் புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது நலம்.

நம் மாதிரி வணிகரின் காசோலைக்கும் விடை உண்டு. நோயால் கையெழுத்து மாறிவிட்டால் கிளைக்குத் தெரிவித்து, புதிய மாதிரிக் கையெழுத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். கையெழுத்திடவே இயலாத முதியோரும் நோயுற்றோரும் பெருவிரல் ரேகையோ, அதுவும் இயலாதெனில் கால்விரல் ரேகையோ இட்டுப் பணம் பெற ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் இடமளிக்கின்றன. வங்கி அறிந்த இரு சாட்சிகள் அதனை அடையாளம் காட்ட வேண்டும், அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். கணக்கை வாழ்க்கைத்துணையுடன் கூட்டுக் கணக்காக வைத்திருப்பதும், வாரிசு நியமனம் செய்திருப்பதும் இத்தகைய நாளில் பெருந்துணையாகும்.

நினைவிற் கொள்க

• நாற்பது வயதை ஒட்டிப் புதிதாக வந்த ஆஸ்துமா, மீண்டும் மீண்டும் வளரும் மூக்குச் சதை, 1,500-ஐத் தாண்டிய ஈசினோபில் ஆகியன ஒருங்கே இருந்தால் சிறப்பு மருத்துவரைக் காண்க.

• இளைப்பு உள்ளவருக்கு ஒரு பாதமோ மணிக்கட்டோ திடீரென மரத்தால் அல்லது தொங்கினால், அன்றே மருத்துவமனை செல்க.

• கால்களில் அழுத்தியும் மறையாத தடித்த புள்ளிகள், நெஞ்சுப் படபடப்பு, விளங்காத எடைக்குறைவு ஆகியவற்றைப் பொருட்படுத்துக.

• மருத்துவர் சீட்டின்றி ஸ்டீராய்டு மாத்திரை வாங்காதீர்.

• பழைய இரத்தப் பரிசோதனைச் சீட்டுகளைத் தூக்கி எறியாமல் தேதி வரிசையாகச் சேர்த்து வைப்பீர்.

பற்று வரவுப் புத்தகத்தில் காரணம் விளங்காத ஒரு தொகை மாதந்தோறும் தோன்றினால், நாம் அதனைச் சும்மா விட்டுவிடுவதில்லை. கிளைக்குச் சென்று இது என்ன என்று கேட்கிறோம். இரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஆண்டுதோறும் மிகுந்து நிற்கும் அந்த எண்ணையும் அவ்வாறே கேட்டுத் தெளிவோம். பெரும்பாலும் விடை எளிதாகவே இருக்கும்: ஒரு புழு மாத்திரை, அல்லது தூசிக்கு ஓர் ஒதுக்கம். எளிதல்லாத அந்த ஒரு சிலருக்கோ, அக்கேள்வியே காலையும் கையையும் இதயத்தையும் காப்பாற்றித் தரும்.